ராமநாதபுரம் பம்புக்கடையில் டாடா 1613 லாரி: மைலேஜ் வந்ததா, வந்தால் எங்கிருந்து வந்தது?

பம்புக்கடை என்றால் என்ஜினுக்குள் டீசலை அளந்து அடிக்கிற பம்பைச் சரி பண்ணுகிற கடை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடை நல்ல கடை, தாராளமாகப் போகலாம். ஆனால் "பம்பைச் சரி பண்ணினால் லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடும்" என்று லாரி ஸ்டாண்டில் யாரோ சொன்னதை நம்பிப் போகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திரும்புவார்கள். எனக்கு மைலேஜ் கூடியது, அது உண்மை. அதில் பம்பு கொடுத்தது எவ்வளவு, டிரைவர் கால் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் காசைக் கொட்டுகிறார்கள்.

வண்டி டாடா 1613. கம்மின்ஸ் ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், டர்போ வைத்தது, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, பழைய மாதிரி, சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் என்று வரிசையாக வைத்த வரிசைப் பம்புதான். பிஎஸ்-3 வண்டி, அதாவது புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதியில் பழைய மூன்றாம் கட்டம். 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு இந்த ரகத்தை விற்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் நிறுத்திவிட்டது, அதனால் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை, இருப்பதை வைத்து ஓட்டுகிறவர்கள்தான் ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் இன்னும் நிறைய. மேலே மீனுக்காக ஐஸ் பாடி கட்டியிருக்கிறேன். மண்டபத்தில் ஏற்றி ஈசிஆர் வழியாகக் கீழக்கரை, சாயல்குடி தாண்டித் தூத்துக்குடி கம்பெனிகளுக்கு இறக்குவதுதான் பெரும்பாலும் நடை. எப்போதாவது மதுரை, அதைவிட அபூர்வமாகக் கொச்சி.

கடை பட்டணம்காத்தான் பக்கம். போர்டு என்று ஒன்று கிடையாது, முன்னால் கழற்றிப் போட்ட படகு என்ஜின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும், அதுதான் அடையாளம். பம்புக்கடை என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டுவார்கள். நடத்துகிறவர் ஒரு பாய், அறுபதை நெருங்குகிற வயது, பம்பிலேயே கை பழுத்தவர். கூட இரண்டு பையன்கள். வெளியே பார்க்கக் குப்பையாக இருந்தாலும் உள் ரூம் மட்டும் கண்ணாடிக் கதவு போட்டுத் தூசியில்லாமல் வைத்திருக்கிறார். பம்பு வேலைக்கு அது ரொம்ப முக்கியம். டீசலைத் தள்ளுகிற பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மைக்ரான் கணக்கு, நம் ஊர் மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும். வாசலில் வெட்டவெளியில் வைத்துப் பம்பைப் பிரிக்கிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே கூலி குறைவு என்றாலும் நான் கொடுக்க மாட்டேன்.

வண்டியின் கதை இதுதான். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, பெயர் வேண்டாம், இழுவை போதவில்லை என்று டிரைவர் சொல்ல, அவர்கள் பம்பைக் கூட்டி வைத்துவிட்டார்கள். அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் உள்ளே போகிற டீசலை ஏற்றிவிட்டார்கள், சீலை உடைத்து, என்ஜின் சுற்று எல்லை தாண்டாமல் பிடிக்கிற கவர்னரின் ஸ்க்ரூவையும் திருகிவிட்டார்கள். கொஞ்ச நாள் வண்டி பறந்தது. அப்புறம் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை, மைலேஜ் லிட்டருக்கு நாலைத் தொட்டும் தொடாமலும். கரும்புகை என்பது வேறொன்றுமில்லை, எரிய வேண்டிய அளவுக்குக் காற்று கிடைக்காத டீசல். நாம் பங்கில் காசு கொடுத்து வாங்கியது சைலன்சர் வழியாகக் கரியாகப் போகிறது. இழுவை கூடிய மாதிரி இருந்ததே என்று கேட்டால், ஒரு அளவு வரைக்கும் கூடும்தான், அந்த அளவைத் தாண்டிப் போகிற டீசல் இழுவைக்கும் உதவாது, மைலேஜுக்கும் உதவாது, டர்போவையும் பிஸ்டனையும் சூடாக்குவதற்குத்தான் உதவும்.

பாய் முதலில் பம்பில் கையே வைக்கவில்லை. ஏர் கிளீனரைத் திறந்து பார்த்தார், டர்போ ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தார், டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று கேட்டார். ஏர் கிளீனர் அடைத்திருந்தால் பம்பு சரியாக இருந்தாலும் புகை வரும், ஹோஸில் ஓட்டை இருந்தால் டர்போ அடித்த காற்று என்ஜினுக்குப் போய்ச் சேராது. தனுஷ்கோடிப் பக்கம் ஒரு நடை போய்வந்தாலே ஃபில்டர் பேப்பர் மடிப்பில் மணல் உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் ஹோஸ் கிளிப் ஒன்று உப்புக்காற்றில் அரித்துப் போய்ப் பிடிமானமே இல்லாமல் இருந்தது. "இதுக்கு நூறு ரூபா ஆகாது தம்பி, இதை விட்டுட்டு பம்பை இறக்குனா உங்க காசு தண்டம்" என்றார். இந்த ஒரு விஷயத்துக்காகவே கடைக்கு நல்ல மார்க் போடலாம்.

அதற்கப்புறம்தான் பம்பை இறக்கி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார். நான் கூடவே நின்று பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஞ்சில் பம்பை மோட்டார் சுற்றும். என்ஜின் இரண்டு சுற்றுக்குப் பம்பு ஒரு சுற்று என்பதால், என்ஜின் நிமிஷத்துக்கு 2500 சுற்று ஓடும்போது பம்பு 1250தான், அந்தக் கணக்கில் வேகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஆறு லைனுக்கு ஆறு கண்ணாடிக் குழாய், அளவுக் கோடு போட்டது. குறிப்பிட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கை முடிந்ததும் தானாக நிற்கும், ஆறு குழாயிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். என் பம்பில் நாலு குழாய் ஏறக்குறைய ஒரே மட்டம், இரண்டாவது மற்றதைவிட ஒரு விரல் மேலே, ஆறாவது கண்ணுக்குத் தெரிகிற அளவு கீழே. ஒரு சிலிண்டர் தேவைக்கு மேல் குடித்துப் புகை விடுகிறது, இன்னொன்று இழுக்காமல் சும்மா கூட வருகிறது, மற்ற நாலும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஐடிலிங்கில் வண்டி நடுங்கினதும் இதனால்தான். ஒவ்வொரு லைனாகத் தளர்த்தித் திருப்பி, ஓடவிட்டு, மறுபடி பார்த்து, ஆறையும் மட்டத்துக்குக் கொண்டு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரே வேகத்தில் மட்டம் வந்தால் போதாது, ஐடிலிங், நடு வேகம், உச்ச வேகம் மூன்றிலும் வர வேண்டும். நடு வேகத்தைப் பார்க்காமல் விடுகிற கடைகள் உண்டு. நாம் ரோட்டில் ஓட்டுவதே நடு வேகத்தில்தான், அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்து என்ன பயன்?

பம்பு அனுப்புகிற டீசலை சிலிண்டருக்குள் தெளிக்கிற நாசில் தனி வேலை. கைப்பிடி வைத்த சின்ன டெஸ்டரில் மாட்டி அழுத்தினால், 200 பாருக்கு மேலே அழுத்தம் ஏறியதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு கொசு மருந்து அடித்த மாதிரி டீசல் புகையாகச் சிதற வேண்டும். அடித்து முடித்ததும் முனை காய்ந்திருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு நாசில் சிதறாமல் கம்பியாகப் பீய்ச்சியது, ஒன்றின் முனையில் சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. சொட்டுகிற நாசில் என்றால் பிஸ்டன் மேல் டீசல் ஒழுகுகிறது, எரியாமல் ஆயிலோடு கலக்கிறது. மூன்றுக்கும் முனை மாற்றினார், மீதியைச் சுத்தம் பண்ணி அழுத்தம் வைத்தார். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அந்தப் பீய்ச்சல் முன்னால் கை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும். கடைப் பையன் ஒருவன் அலட்சியமாகக் கையை அருகே கொண்டு போனதற்குப் பாய் விட்ட டோஸில் வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

டைமிங், அதாவது டீசல் எப்போது அடிக்கத் தொடங்க வேண்டும் என்கிற விஷயத்தில் நானே கொஞ்சம் ஆசைப்பட்டேன். முன்னால் போட்டால் மைலேஜ் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் ஒரு டிகிரி இரண்டு டிகிரி ஏற்றி வையுங்கள் என்று கேட்டேன். பொய் இல்லை, ஓரளவு வரைக்கும் வரும். டீசல் கொஞ்சம் முன்கூட்டியே எரியத் தொடங்கினால் அழுத்தம் சரியான நேரத்தில் பிஸ்டனைத் தள்ளும், பின்தங்கினால் சூடு வீணாக வெளியே போகும். ஆனால் முன்னே போகப் போக சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறும், தட்டல் சத்தம் வரும், ஹெட் கேஸ்கட்டுக்கும் பேரிங்குக்கும் அடி, நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். பாய் கம்பெனி சொன்ன அளவிலேயே வைத்தார், அதற்கு மேல் ஒரு பல்கூட நகர்த்த மாட்டேன் என்றார். டர்போ காற்று ஏறுவதற்கு முன்னால் டீசலைக் கொட்டவிடாமல் தடுக்கிற டயாபிரத்தையும் பழைய கடையில் யாரோ முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள், அதையும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தார். கவர்னரில் உச்ச சுற்றை இறக்கி, ஸ்க்ரூவில் புது சீல் போட்டுக் கொடுத்தார். சுருக்கமாகச் சொன்னால் நான் காசு கொடுத்து என் வண்டியின் பவரைக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

டிரைவர் அண்ணனுக்கு முகமே சரியில்லை. செக்போஸ்ட் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்த் திரும்பியதும் இறங்கி, "என்ன பாய், பிக்கப்பு செத்துப் போச்சே" என்றார்.

"தம்பி, செத்தது பிக்கப்பு இல்ல, புகை. கண்ணாடியில பாத்தீங்களா?"

பார்த்தாராம், புகை இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க முணுமுணுப்புதான்.

இனி கணக்கு. ஒரே பங்க், டீசல் போடுகிற அதே மெஷின், வாய் வரைக்கும் நிரப்பி, போய்வந்து அதே இடத்தில் மறுபடி வாய் வரைக்கும் நிரப்பிப் பார்ப்பதுதான் என் முறை. பழைய ஓட்டத்திலேயே ஓட்டினால் பம்பு வேலைக்குப் பிறகு நாலரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நாலிலிருந்து நாலரைப் பக்கம். இது கெட்ட முன்னேற்றம் இல்லை, ஆனால் இந்த வண்டி நல்ல நிலையில் இருந்தபோது கொடுத்ததுதான் திரும்பி வந்திருக்கிறது. டியூனிங் என்று நாம் சொல்வதெல்லாம் இவ்வளவுதான், கெட்டுப்போனதை மீட்டுத் தரும், கம்பெனி கொடுத்ததைவிட அதிகமாக எதையும் உண்டாக்கித் தராது. நல்ல நிலையில் இருக்கிற பம்பை இறக்கி ஏற்றினால் கூலிதான் செலவு.

அதற்கு மேலே வந்த அரை கிலோமீட்டர், அதாவது ஐந்தைத் தொட்டது, மீட்டரைப் பார்த்து ஓட்டியதில் வந்தது. அதற்கும் இந்தக் கடைதான் காரணம் என்பதால்தான் நீட்டி எழுதுகிறேன்.

என் வண்டியில் என்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் மீட்டரில் கம்பெனி போட்ட பச்சைப் பட்டை வெயிலில் வெளுத்து எப்போதோ மறைந்துவிட்டது. பாய் கண்ணாடி மேல் 1200லிருந்து 1700 வரைக்கும் பச்சை இன்சுலேஷன் டேப்பை வளைத்து ஒட்டினார். "முள்ளு இதுக்குள்ள இருக்கட்டும். வெளிய போச்சுன்னா கியரை மாத்து, இல்ல காலை எடு. ஸ்பீடாமீட்டரைப் பாக்காத, இதைப் பாரு" என்று டிரைவரிடம் சொன்னார். இந்த என்ஜினுக்கு உச்ச இழுவையே 1500 பக்கம்தான் கிடைக்கிறது, உச்ச பவர் 2500ல். சரக்கை நகர்த்துவது இழுவை, அது கீழேயே கிடைக்கும்போது மேலே ஏற்றிக் கொண்டுபோவது எதற்கு?

என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் ரிங், பேரிங், ஆயில் பம்பு, தண்ணீர் பம்பு, ஃபேன் என்று தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே கொஞ்சம் டீசல் தின்கிறது. சுற்று கூடக்கூட அந்தத் தீனியும் கூடும். ஒரே வேலையைக் குறைந்த சுற்றில், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அதிகமாக எரித்துச் செய்தால் செலவு குறையும். ஆறு சிலிண்டர் டீசல் நல்ல இடத்தில் ஓடும்போது ஒரு கிலோவாட்-மணிக்கு 200 கிராம் டீசலை ஒட்டிச் செலவாகும், அதே பவரை உச்ச சுற்றில் பாதிக் காலோடு எடுத்தால் கணிசமாக ஏறிவிடும்.

என் வண்டிக்கு டாப் கியரில் 50 போகும்போது முள் 1500ல் நிற்கிறது. 60 என்றால் 1800, 70 என்றால் 2100. ஆக 70ல் போகிற டிரைவர் பச்சையை விட்டு வெளியேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இதில் சுற்று மட்டும் இல்லை, காற்றும் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 55லிருந்து 70க்குப் போனால் எதிர்ப்பு 1.6 மடங்கு. ஐஸ் பாடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சதுரமாக நிற்கிற பாடி, டேங்கர் மாதிரி உருண்டையாகக்கூட இல்லை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி 160 கிலோமீட்டர் பக்கம். ரோடு முழுக்கக் காலியாக இருந்தால்கூட 70க்கும் 55க்கும் நேர வித்தியாசம் முக்கால் மணியைத் தொடாது, நிஜத்தில் கீழக்கரை, ஏர்வாடி விலக்கு, சாயல்குடி என்று ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கரும் பள்ளிக்கூடமும் ஆடுகளும் இருக்கிற ரோட்டில் அது இன்னும் சுருங்கிவிடும். ஏலத்துக்கு நேரம் பார்த்துப் போக வேண்டிய நாள் என்றால் போகட்டும், கம்பெனி கேட்டில் போய் வரிசையில் நிற்பதற்கு எதற்கு இத்தனை வேகம்?

இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டிய ஒன்று, கச்சான் காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் சாயல்குடி தாண்டித் தூத்துக்குடி நோக்கிப் போகும்போது தென்மேற்கிலிருந்து நேர் முகத்தில் அடிக்கும். வண்டி 70, எதிர்க்காற்று 25 என்றால் பாடி 95ல் போகிற மாதிரிதான் காற்று உணரும், எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். திரும்பி வரும்போது அதே கச்சான் முதுகில் தள்ளும், அதுவும் காலிப் பெட்டியோடு வருகிறோம். அதனால் திரும்பி வருகிற நடையை மட்டும் அளந்துவிட்டு "ஆறு கொடுத்துச்சு" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், பொய் சொல்லவில்லை, கச்சான் சொல்ல வைக்கிறது. வாடை காலத்தில் எல்லாம் தலைகீழ். பம்பு வேலைக்கு முன் ஒரு காற்றுக் காலத்திலும் பின் இன்னொரு காற்றுக் காலத்திலும் அளந்தால் கடைக்குக் கிடைக்கிற பேரும் கெட்ட பேரும் இரண்டுமே காற்றுக்குச் சேர வேண்டியவை. பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று வேறு, அங்கே மைலேஜை மறந்துவிட்டு வண்டியைப் பிடித்தால் போதும்.

ஆனால் பச்சைக்குள் ஓட்டு என்றதைச் சிலர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். டாப் கியரிலேயே 1000க்கும் கீழே போட்டுக்கொண்டு காலை அடிவரைக்கும் மிதிப்பது. ஃபுல் லோடோடு ஊருக்குள் நுழைந்து வெளியே வரும்போது பார்த்தால் தெரியும், என்ஜின் முனகும், கியர் லிவர் ஆடும், புகை வரும். அந்தச் சுற்றில் டர்போ போதுமான காற்றைக் கொடுக்காது, தண்ணீர் பம்பும் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் ஏறும். டிரைவர் அண்ணன் முதலில் இதைத்தான் செய்தார், கியர் மாற்றச் சோம்பல். முள் 1200க்குக் கீழே இறங்கினால் கியரை இறக்கு, பேச்சே இல்லை. நம் ஊர் தட்டை ஊர், மலையேற்றம் என்று ஒன்று கிடையாது, ஒரு பாலம், ஒரு ரயில்வே மேம்பாலம் அவ்வளவுதான், அதனால் பெரிய கஷ்டமும் இல்லை. நியூட்ரலில் உருட்டுகிற பழக்கமும் போக வேண்டும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்கு டீசல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பிரேக்கும் தேயும்.

இதையெல்லாம் டிரைவர் எதற்குச் செய்ய வேண்டும்? அவருக்கு என்ன லாபம்? போய்வர 320 கிலோமீட்டர், நாலு கொடுத்தால் 80 லிட்டர், ஐந்து கொடுத்தால் 64 லிட்டர். டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேலே விற்கிற காலத்தில் 16 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு. அதில் ஒரு பங்கைப் பேட்டாவோடு சேர்த்து அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அதற்கப்புறம் முணுமுணுப்பு நின்றது. இப்போது டேப் உரிந்தால் அவரே புதிதாக வாங்கி ஒட்டுகிறார்.

கடையில் காத்திருந்தபோது ஒரு விசைப்படகுக்காரர் வந்திருந்தார், அவரிடமும் பாய் இதே பாட்டைத்தான் பாடினார். படகில் இது இன்னும் கடுமை. புரொப்பல்லருக்குத் தேவைப்படுகிற பவர் சுற்றின் மூன்றாம் படியில் ஏறும். சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படுகிற பவர் கால்வாசிக்கு மேல் குறையும். தளத்துக்குப் போய்ச் சேருகிற நேரம் கொஞ்சம் கூடும் என்பதைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த அண்ணன் தலையாட்டிவிட்டு, "முன்னாடி போறவன் முதல்ல வலையைப் போட்டுருவானே பாய்" என்றார். அதற்குப் பாயிடமும் பதில் இல்லை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு. என் மச்சான் பிஎஸ்-6 வண்டி வைத்திருக்கிறார், எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில், டெஃப் என்கிற யூரியாக் கரைசலும் தனியாக ஊற்ற வேண்டிய வண்டி. யாரோ லேப்டாப்பைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மேப், அதாவது டீசல் அடிக்கிற கணக்கை மாற்றித் தருகிறேன், டெஃப் செலவும் மிச்சம், மைலேஜும் கூடும் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். பாயிடம் கேட்டோம். "நான் ஸ்கேனர் போட்டு என்ன பழுதுன்னு சொல்லுவேன், நாசில் பாப்பேன், ரெயில் பிரஷர் பாப்பேன். மேப்ல கை வைக்க மாட்டேன், வைக்கிறவன்கிட்டயும் போகாதீங்க" என்று முடித்துவிட்டார். காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டியில் எப்போது, எத்தனை தவணையாக, எவ்வளவு அழுத்தத்தில் டீசல் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பார்த்துச் செய்கிறது, அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா கலந்த கரைசல், சைலன்சர் பக்கம் நைட்ரஜன் ஆக்சைடை உடைப்பதற்கு. அதை ஏமாற்றுகிற பெட்டியை மாட்டினால் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கெடுத்த குற்றம், வாரண்டி போகும், வண்டித் தகுதிச் சான்றுக்கான எஃப்சி-யில் மாட்டுவோம், அப்புறம் சென்சார் கண்டுபிடித்துப் பவரை வெட்டிவிட்டால் நடுரோட்டில் மீனோடு நிற்க வேண்டும். மச்சான் வண்டிக்கு மைலேஜ் வேண்டுமென்றால் அங்கேயும் அதே முள், அதே பச்சைதான். சில புது வண்டிகளில் லோடுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ள டேஷ்போர்டிலேயே ஸ்விட்ச் இருக்கிறது, காலியாகத் திரும்பும்போதும் அதைக் கனமான லோடிலேயே விட்டு வைக்கிறவர்கள்தான் அதிகம்.

டீசல் லைனில் மாட்டுகிற காந்தம், டேங்கில் போடுகிற மாத்திரை இவற்றைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பார்த்துவிட்டது, சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூட்டியது எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு டயரில் காற்று பிடியுங்கள்.

கடையில் குறை இல்லையா? இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு முடியாது, காலையில் விட்டால் சாயங்காலம் என்பார், மறுநாள் ஆகிவிடும். பழைய செம்பு வாஷரையே காய்ச்சித் திரும்பப் போட்டார்கள், ஒரு நாசில் அடியில் கசிந்து மறுபடி போக வேண்டி வந்தது. புது வாஷர் என்ன விலை, அதைப் போய் மிச்சம் பிடிக்கலாமா? காசு வாங்காமல் சரி பண்ணிக் கொடுத்தார்கள், ஆனால் என் அரை நாள் போச்சு. பெஞ்சில் வந்த அளவைத் தாளில் எழுதித் தரும் வழக்கமும் இல்லை. கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுக்கிறார், அதை நான் ஆர்சி புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பில் வேண்டும் என்கிற கம்பெனி வண்டிகளுக்கு இந்தக் கடை சரிப்படாது. கூலி நியாயம்தான், பம்பு வேலைக்கு மட்டும் ஐந்தாயிரத்தைத் தாண்டவில்லை, நாசில் முனைக்குத் தனி. கிடைத்த மிச்சத்தில் சீக்கிரமே அது திரும்பிவிட்டது.

யார் போகலாம்? மெக்கானிக்கல் பம்பு வைத்த வண்டி, கரும்புகை, ஐடிலிங்கில் நடுக்கம், காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப்புகை, இதில் ஏதாவது இருந்தால் போங்கள். புகையில்லாமல் அமைதியாக ஓடுகிற வண்டியை மைலேஜ் ஆசையில் கொண்டு போகாதீர்கள், நல்ல பம்பை அவரே இறக்க மாட்டார், டேப்பை ஒட்டி அனுப்பிவிடுவார்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும், போகாமல் இருப்பது நல்லது. நடை இல்லாத காலத்தில் வேலை பார்த்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிற மாதிரியே மண்டபம், ராமேஸ்வரம் போட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தோன்றும், கரையில் கிடக்கிற படகு என்ஜின் பம்பு பூராவும் அங்கேதான் வரிசையில் கிடக்கும், உங்கள் பம்பு மூலையில் ஒரு வாரம் தூங்கும். பங்குனி தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினால் மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். போகும்போது புது செம்பு வாஷர் ஒரு செட் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், ராமநாதபுரத்தில் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும், அதைத்தான் போட வேண்டும் என்று பையனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.